ஒரு நாள் பெண்கள் பகுதி

அந்தப் படத்தைக் கழற்றிவிடுங்கள் என்றுதான் முதலில் கேட்டேன். நூலகத்திலிருந்து வந்த பெண் சிரித்தாள். "ஏன் ஆச்சி? எவ்வளவு அழகா இருக்கீங்க அதுல! வர்றவங்க எல்லாரும் அதைத்தான் போட்டோ எடுத்துட்டுப் போறாங்க" என்றாள். நல்ல பெண். ஐரோலியில் கம்ப்யூட்டர் வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் தாராவிக்கு வந்து நூலகக் காரியம் பார்க்கிறாள். அவளுக்குத் தமிழ் பேச வரும், எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். ஆண்டு விழா மலருக்கு நான் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும் என்று வந்திருந்தாள். "அந்தக் காலத்து ஆளுங்கள்ல நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க. ஏக்தம் சிம்பிளா எழுதுங்க, போதும்."

நான் நாலு பேர் முன்னால் வாய் திறக்கிறவள் இல்லை. கல்யாண வீட்டில்கூடப் பின்வரிசையில் சுவரை ஒட்டித்தான் உட்காருவேன். எழுதும்போது எதிரே யாரும் இல்லை, அது ஒரு வசதி. அதனால் எழுதுகிறேன். ஒரு பக்கத்தில் அடங்காது. மலரில் போடுவார்களோ மாட்டார்களோ, அது அவர்கள் பாடு.

நூலகக் கட்டிடத்தின் கதையை வாசலில் மூன்று மொழிகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதில் பொய் இல்லை. தென்மாவட்டத்திலிருந்து வந்த ஒரு முஸ்லிம் தோல் வியாபாரி கட்டிய கல் பங்களா அது. கீழே தோல் மண்டி, மேலே அவர் குடும்பம். பர்மாத் தேக்குப் படி, கலர்க் கண்ணாடி ஜன்னல். அவர் காலத்துக்குப் பிறகு பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் போக, கொஞ்ச காலம் ரேஷன் கிடங்கு. பிறகு எங்கள் சந்துத் தமிழர்கள் கேட்டுப்போய், மாடி ஹாலைப் படிப்பகமாக வாங்கினார்கள். கொஞ்ச காலத்தில் மாட்டுங்காவிலிருந்த ஒரு பெரிய தமிழ் நூலகம் அதைத் தன் கிளையாகச் சேர்த்துக்கொண்டது. இதுவரை எல்லாம் சரி.

அதற்குக் கீழேதான் அந்தப் படம். பெஞ்சில் வரிசையாகப் பெண்கள், எல்லார் கையிலும் புத்தகம். நடுவில் ரெட்டைச் சடை போட்டு நிற்கிற பிள்ளை நான். 'தொடக்க நாள் முதலே பெண்களும் சிறுமியரும் பயன்படுத்தி வந்த நூலகம்' என்று அடியில் பொன்னெழுத்தில் போட்டிருக்கிறார்கள். ஒரே ஒரு நாள் என்று போட்டிருந்தால் நான் ஏன் கோபப்படப் போகிறேன்?

அந்த வருஷம் நான் எங்கள் சந்துக்குப் பக்கத்திலிருந்த முனிசிபாலிட்டி தமிழ்ப் பள்ளிக்கூடத்தை முடித்திருந்தேன். அங்கே அவ்வளவுதான் வகுப்பு. மேலே படிக்க வேண்டுமானால் சயானுக்குப் போக வேண்டும். பெரிய ரோட்டைத் தாண்டி நடக்க வேண்டும். டீச்சர் வீட்டுக்கே வந்து, "இவளை நிப்பாட்டிராதீங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். தோல் கம்பெனியில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்று கால் வெந்துபோன எங்கள் அப்பா, "படிச்சா படிக்கட்டும்" என்று பாதி மனசாக இருந்தார். அந்தப் பாதி மனசைக் கெடுக்க மாமா வந்தார்.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். படிப்பகத்துக்குச் செயலாளர். எங்கள் சந்தில் சட்டைப் பையில் பேனா குத்திக்கொண்டு நடந்த முதல் ஆள் அவர்தான். ஷிப்டு முடிந்து வருகிற தோல் கம்பெனி ஆட்களுக்குப் பேப்பரைச் சத்தமாக வாசித்துக் காட்டுவார். அதில் எழுதாததையும் சேர்த்து விளக்குவார். அவர் சொன்னால் சந்தே கேட்கும். எங்கள் வீடு கேட்காதா?

டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னார். "வயசுக்கு வரப்போற பிள்ளைய எதுக்கு ரோட்டத் தாண்டி அனுப்புதீங்க? நம்ம படிப்பகம் கிளையாகப் போவுது. அலமாரி அலமாரியா புஸ்தகம் வரும். மத்தியானம் ஆம்பளைங்க வேலைக்குப் போயிருப்பாங்கல்லா, அந்த நேரம் பிள்ளைகளுக்குத் திறந்து விடுவோம். இவ படிக்கிற படிப்புக்கு அது போதாதா? நான் இருக்கேன்."

அப்பாவுக்கு நிம்மதி. அம்மாவுக்கு அண்ணன் வாக்கு வேதம். எனக்கோ தலைகால் புரியவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு பாடப் புத்தகம்தான், இங்கே அலமாரி முழுக்கப் புத்தகம். கணக்கு இல்லை, பிரம்பு இல்லை. சயான் யாருக்கு வேண்டும்?

கிளையாகச் சேர்ப்பதற்கு மாட்டுங்காக்காரர்கள் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் தனிப் பகுதி இருக்க வேண்டும், அதை நேரில் வந்து பார்ப்போம் என்றார்கள். படிப்பகத்திலோ பேப்பரும், சங்கத் தலைவர்கள் பேசிய பேச்சைப் போட்ட சின்னப் புத்தகங்களும்தான் கிடந்தன. பெண்கள் பகுதிக்குப் புத்தகம் எங்கே போவது? மாமாவுக்கு அப்போதுதான் தன் வீட்டுப் பரண் ஞாபகம் வந்தது.

பரணில் இருந்தது அத்தையின் சொத்து. அத்தை, மாமாவின் மனைவி, ஊரில் படித்தவள். எந்த வகுப்பு வரைக்கும் என்று யாரும் கேட்டதில்லை. மாட்டுங்கா வீடுகளில் படித்துப் போடுகிற தமிழ் வாரப் பத்திரிகைகள் எல்லாம் கடைசியில் தாராவி ரத்திக்கடைக்குத்தானே வரும்? பழைய பேப்பர் மூட்டைக்குள் தலையை விட்டு, அத்தை தொடர்கதைப் பக்கங்களாகப் பொறுக்கி எடுப்பாள். வாரம் வாரமாக அடுக்கிக் கோணி ஊசியால் தைப்பாள். மைதாப் பசை காய்ச்சி ஒட்டி, தோல் கம்பெனியில் கழித்துப் போட்ட துண்டுத் தோலை மேலட்டையாகப் போடுவாள். ஆட்டுத் தோல் போட்டது சமூகக் கதை, மாட்டுத் தோல் போட்டது ராஜா ராணிக் கதை. தொட்டுப் பார்த்தே எந்தக் கதை என்று எடுத்துவிடுவேன்.

எல்லா வாரமும் கிடைத்துவிடாது. எந்த வாரத்தை எந்த வீட்டில் வடை எண்ணெய் ஒற்றப் போட்டார்களோ! கிடைக்காத வாரத்துக்கு அத்தை ஒரு பழுப்புத் தாளை வைத்துத் தைத்துவிடுவாள். அந்த இடம் வந்ததும் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, நடுவில் என்ன நடந்திருக்கும் என்று அவளே சொல்லுவாள். முந்தின வாரமும் பிந்தின வாரமும் அதில் பூட்டுப் போட்டதுபோல் பொருந்தும். பழுப்புத் தாள் எப்போது வரும் என்றுதான் நான் காத்துக்கொண்டிருப்பேன்.

மாமா கேட்டதும் அத்தை உடனே கொடுத்துவிடவில்லை.

"தாரேன். மத்தியானம் பிள்ளைகளுக்குத் திறப்பீங்களா?"

"அதான் சொல்லிட்டேன்லா."

"நானும் வருவேன்."

"தாராளமா வா. உன் புஸ்தகம், உனக்கில்லாததா?"

இதை நான் கூடவே உட்கார்ந்து கேட்டேன். மாமா பரணிலிருந்து இறக்க, நானும் அத்தையும் தூசி தட்டினோம். கோணிச் சாக்கில் கட்டி, மாமா தோளில் வைத்துக்கொண்டு போனார்.

மாட்டுங்காக்காரர் வந்த நாள் எங்கள் சந்தில் ஒரு வீட்டிலும் சோறு நேரத்துக்கு வேகவில்லை. கல்யாணத்துக்கு எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு பெண்கள் எல்லாரும் தேக்குப் படியில் முதல்முறையாக ஏறினார்கள். கீழே பழைய மண்டித் தரையிலிருந்து உப்புத் தோல் வாடை மேலே வராமல் இருக்க மாமா ஊதுபத்தி கொளுத்தி வைத்திருந்தார். பெஞ்சில் உட்காரவைத்து ஆளுக்கொரு புத்தகம் கொடுத்தார். "சத்தம் போடாதீங்க. ஒருத்தருக்கொருத்தர் பேசாதீங்க. அப்பப்போ ஒரு பக்கம் திருப்புங்க" என்று எச்சரித்தார். பாதிப் பேருக்கு எழுத்துத் தெரியாது. எங்கள் அம்மாவுக்கும் தெரியாது.

வந்தவர் வெள்ளை வேட்டியும் கோட்டும் போட்ட பெரியவர். மரியாதையான மனிதர். ஒவ்வொரு பெஞ்சாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், அம்மாவிடம் நின்றார்.

"என்னம்மா, கதை எப்படி இருக்கு?"

அம்மா நிமிராமல், "குதிரை நல்லாயிருக்குய்யா" என்றாள்.

மாமா இருமினார். பெரியவருக்கு அதில் குறை தெரியவில்லை. கதையில் வருகிற குதிரையைச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டார். அந்தப் பக்கத்தில் ஒரு குதிரைப் படம் போட்டிருந்தது. திருப்பினால் போய்விடுமே என்று அம்மா கடைசிவரை அந்த ஒரு பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாளாம், பிறகு சொன்னாள்.

"குழந்தைகள் வாசிப்பாளோ?" என்று பெரியவர் கேட்டதும் மாமா என்னை முன்னால் தள்ளினார். "எங்க தங்கச்சி மவ. நல்லா வாசிப்பா." அம்மா கையிலிருந்த புத்தகத்தையே வாங்கி என்னிடம் கொடுத்தார். மாட்டுத் தோல் அட்டை. ஒரு தளபதியின் மகள், அப்பாவைச் சிறைவைத்த கோட்டைக்கு ஆண் வேஷத்தில் குதிரையேறிப் போகிற கதை. எனக்கு நாலு பேர் முன்னால் வாசித்துப் பழக்கமில்லை. முதல் வரியைத் தொட்டதும் எல்லாம் மறந்துபோயிற்று. அவள் கோட்டை வாசலில் வந்து இறங்குகிறாள். அந்த வாரம் முடிந்தது. பக்கத்தைத் திருப்பினேன். பழுப்புத் தாள்.

நிறுத்தியிருக்கலாம். எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அத்தை சொன்னதெல்லாம் எனக்கு மனப்பாடம். பழுப்புத் தாளைப் பார்த்துக்கொண்டே வாசிக்க ஆரம்பித்தேன். காவல்காரன் ஈட்டியைக் குறுக்கே நீட்டுகிறான். அவள் குதிரையிலிருந்து குனிந்து, "ஏலேய், ஈட்டியை எடுடா. கதவு என்ன உங்க அப்பன் வீட்டுச் சொத்தா? கட்டினவன் ஒருத்தன், ஆள்றவன் ஒருத்தன், நடுவுல நீ யாருடா?" என்கிறாள்.

பெரியவர் கண்ணைத் திறந்தார். "பேஷ்! இந்தத் தொடரை வாராவாரம் படிச்சவன் நான். இந்த ஒரு வாரத்தை எப்படி விட்டேன்? எழுதினவர் திருநெல்வேலிக்காரரோ?" என்று கேட்டார்.

பின்பெஞ்சில் அத்தை முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். மாமாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெண்கள் படிக்கிற கதையை அவர் எங்கே படித்தார்? என் தலையைத் தடவி, "நம்ம படிப்பகத்துப் பழக்கம்யா, பிள்ளைங்க தினமும் வந்து படிக்கும்" என்றார். அப்போதுதான் அந்தப் படம் எடுத்தார்கள். கிளை அன்றைக்கே உறுதியாகிவிட்டது. எல்லாருக்கும் லட்டு கொடுத்தார்கள்.

மறுநாள் மத்தியானம் முகம் கழுவிப் பவுடர் போட்டுக்கொண்டு நான் போனேன். பெஞ்சுகள் பழையபடி ஜன்னலோரம் போயிருந்தன. நாலைந்து பேர் பனியனோடு உட்கார்ந்திருந்தார்கள். மாமா படியின் மேலேயே நின்று மறித்தார்.

"ஏட்டி, இங்க என்ன சோலி உனக்கு?"

"மத்தியானம் பிள்ளைகளுக்குத் திறப்பேன்னு சொன்னீங்களே மாமா."

"அது பார்ப்போம். நைட் ஷிப்டு முடிச்ச ஆம்பளைங்க வந்து கால நீட்டி உக்கார்ற எடம். நீ வந்து உக்காந்தா அவங்க கால மடக்கணும்லா?" பிறகு பிரியமாகவே சொன்னார், "நேத்து நீ வாசிச்சதே போதும்ட்டி. வீட்டுக்குப் போ."

எத்தனையோ பேர் எத்தனையோ காரணத்துக்குப் படிப்பை விட்டிருப்பார்கள். பஞ்சம், நோய், அப்பா செத்துப்போனது. என் படிப்பு ஆம்பளைகள் காலை மடக்கச் சிரமப்பட்டதால் போயிற்று. எழுபது வயதுக்கு மேல் ஆகிவிட்டது, எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

என்னை மறித்தது தெரிந்ததும் அத்தை அடுப்பை அணைத்துவிட்டு நேரே கல் பங்களாவுக்கு நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். அவள் ஹாலுக்குள் போய் நின்றாள். பேப்பர்கள் இறங்கின. கால்கள் மடங்கவில்லை.

"புஸ்தகத்தக் கொடுங்க, எடுத்துட்டுப் போறேன்."

"சீல் குத்தியாச்சு. இனி அது பொதுச் சொத்து" என்றார் மாமா.

"பொதுன்னா அதுல நான் கிடையாதா?"

"பொம்பளைக்கு கார்டு கிடையாது. வீட்டு ஆம்பள பேர்லதான் எடுக்கணும். சும்மா காலிபீலி சத்தம் போடாத."

"வீட்டு ஆம்பள நீங்கதான? உங்க கார்டுல எடுத்துக் கொடுங்க."

பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒருவர், "அக்கா, சண்டைய வீட்டுல போய் வச்சுக்கிடுங்க" என்றார்.

"வீட்டுல வச்சுக்கிடலாம் தம்பி. புஸ்தகம் இங்கல்லா இருக்கு!"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அத்தைக்கும் லேசாகச் சிரிப்பு வந்தது. அதுதான் வினையாகப் போயிற்று. அவர்கள் சிரிக்காமல் இருந்திருந்தால் மாமா கொடுத்திருப்பாரோ என்னவோ. முகம் கறுத்துப்போய் அலமாரியைப் பூட்டினார், சாவியைப் பேனாவுக்குப் பக்கத்தில் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். செயலாளர் அல்லவா!  அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள். அழவில்லை. வீட்டுக்கு வந்து கோணி ஊசியை எடுத்துக் கிழிந்த சாக்கு ஒன்றைத் தைக்க உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு அவள் ஒரு கதையையும் தைத்து நான் பார்க்கவில்லை.

அந்தப் புத்தகங்களை ஆம்பளைகளும் படிக்கவில்லை, 'பொம்பளக் கதை' என்று. பூட்டிய அலமாரிக்குள் மழைத் தண்ணீர் இறங்கி, செல்லரித்து, ஒவ்வொன்றாகப் போயின. பெண்களுக்குக் கார்டு வந்தபோது எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பிறந்திருந்தது. ஒரே ஒரு புத்தகம் தப்பியிருக்கிறது. கட்டிடத்தைப் புதுப்பித்தபோது அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, உள்ளே ஒரு சின்ன விளக்கும் போட்டிருக்கிறார்கள். 'அரிய கைக்கட்டு நூல். அன்பளிப்பு: முதல் செயலாளர்' என்று எழுதி, மாமாவின் பெயர். அத்தை பெயர் என்ன என்று அந்த ஐரோலிப் பெண்ணைத் தவிர இதுவரை யாரும் என்னிடம் கேட்கவில்லை. அவளும் நான் சத்தம் போட்ட பிறகுதான் கேட்டாள். ஆமாம், நான்தான், வாழ்க்கையில் முதல்தடவையாகச் சத்தம் போட்டேன்.

இந்தக் கோபமெல்லாம் பிறகு வந்தது. வருஷக்கணக்கில் தவணை தவணையாக வந்தது. அன்றைக்கு எனக்கு யார்மேலும் கோபம் இல்லை, அதைத்தான் இப்போது என்னால் தாங்க முடியவில்லை. 'நேத்து நீ வாசிச்சதே போதும்' என்று மாமா சொன்னாரே, அதற்கு நான் எடுத்துக்கொண்ட அர்த்தம் வேறு. பழுப்புத் தாளில் இல்லாததை வாசித்தது மாமாவுக்குத் தெரிந்துவிட்டது, அதற்குத்தான் என்னை உள்ளே விடவில்லை என்று முடிவுசெய்துவிட்டேன். நூலகத்தில் அச்சில் இருப்பதைத்தான் வாசிக்க வேண்டும், நான் கதைவிட்டுவிட்டேன். அத்தையிடம் சொன்னால் அவளும் வருத்தப்படுவாள் என்று அவளிடமும் சொல்லவில்லை.

அதற்கு வழியும் நானே கண்டுபிடித்தேன். விட்டுப்போன அந்த வாரத்தைத் தேடி எடுத்து மாமாவிடம் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். தினமும் காலையில் ரத்திக்கடைக்குப் போனேன். மழை பிடித்துவிட்டது. தார்ப்பாய்க்குக் கீழே நனைந்த மூட்டைகளைப் பிரித்துப் பிரித்துப் பார்ப்பேன். குஜராத்திப் பேப்பர், மராட்டிப் பேப்பர், இங்கிலீஷ் பேப்பர் எல்லாவற்றையும் தள்ளிவிட்டுத் தமிழ் எழுத்து தெரிகிறதா என்று பார்ப்பேன். கடைக்காரர், "இன்னைக்கும் வந்துட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார்.

சயான் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. என்னோடு படித்த பிள்ளைகள் ரெண்டு மூன்று பேர், புதுப் பையைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, சேற்றில் தத்தித் தத்தி அந்த வழியாகத்தான் போவார்கள். "நீ வரலையாட்டி?" என்று ஒருத்தி கேட்டாள்.

"எனக்கு லைப்ரரி இருக்கு" என்றேன்.

அவள் மற்றவர்களோடு ரோட்டைத் தாண்ட ஓடினாள். மழையில் அவ்வளவு தூரம் நடந்து, நாள் முழுக்க உட்கார்ந்து, ஒரே ஒரு பாடப் புத்தகத்தைப் படித்துவிட்டு வர வேண்டுமே என்று அவர்களைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.